எழுத்தோட்டம்: திரைப்படத் தொடக்கமும் உழைப்பின் பெயர்ப்பதிவும்

திரைப்படம் ஒன்று தொடங்கும்போது திரையில் தோன்றி மறையும் பெயர்களின் வரிசையை ஈழத்துப் பேச்சுவழக்கில் எழுத்தோட்டம் என்பர். 'எழுத்தோடுகிறது' என்று ஒருவர் கூறினால், படம் இன்னும் தொடங்கவில்லை, உள்ளே நுழைய நேரமிருக்கிறது என்பதே பொருள். எழுத்தோட்டம் படத்துக்குப் புறம்பானது என்னும் மதிப்பீடு இவ்வழக்கிலேயே அடங்கியிருக்கிறது. தமிழில் திரைப்படத் திறனாய்வு செய்தோரும் பெரும்பாலும் இம்மதிப்பீட்டையே ஏற்றுக்கொண்டனர். கதை, நடிப்பு, பாடல், அரசியற் பிரசாரம் ஆகியன பற்றி நூல்கள் எழுந்துள்ள அளவுக்குப் படத்தின் முதல் மூன்று நிமிடங்கள் பற்றிய ஆராய்ச்சி எழவில்லை.

எழுத்தோட்டம் ஒரே வேளையில் மூன்று தொழில்களை ஆற்றுகின்றது. பார்வையாளரைப் படமாளிகையின் உலகிலிருந்து கதையின் உலகுக்குக் கொண்டுசெல்வது முதலாவது. படம் எவருக்கு உரியது, எவரை முன்னிட்டு விற்கப்படுகின்றது என அறிவிப்பது இரண்டாவது. படத்தை ஆக்குவதில் உழைத்தோரின் பெயர்களைப் பதிவு செய்வது மூன்றாவது. இம்மூன்றும் எப்பொழுதும் இணங்கி நிற்பனவல்ல. இருக்கும் சில நிமிடங்களை எத்தொழிலுக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதில் ஒரு சமூகத்தின் பொருளாதார உறவுகள் வெளிப்படுகின்றன. ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தைப் பொறுத்தவரையில், பொதுவாகக் கவனிக்கப்படாத மூன்றாவது தொழிலே வரலாற்று நோக்கில் முதன்மையானது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

எழுத்தோட்டத்தின் பௌதிக அடிப்படையை முதலில் நோக்குவோம். 35 மில்லிமீற்றர் படச்சுருள் வினாடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடுவது. அஃதாவது நிமிடத்துக்கு 90 அடி. மூன்று நிமிட எழுத்தோட்டம் 270 அடி நீளமுள்ளது. ஆயிரம் அடிச் சுருளொன்று ஏறத்தாழப் பதினொரு நிமிடங்கள் ஓடும் எனின், முதற் சுருளின் கால்பங்குக்கு மேல் பெயர்களுக்கே போய்விடுகின்றது. படச்சுருளை வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கிய நாடுகளில் ஒவ்வோர் அடிக்கும் கணக்குண்டு. ஆகவே திரையில் ஒரு பெயர் தங்கிநிற்கும் நேரத்துக்கும் விலையுண்டு.

கணினி வருவதற்கு முன்னர் இப்பெயர்கள் கையால் எழுதப்பட்டன. ஓவியர் அட்டையிலோ கண்ணாடித் தகட்டிலோ எழுத்துகளை வரைவார். அவை தனியாகப் படமெடுக்கப்பட்டு, பின்னணிக் காட்சியோடு ஒரே சுருளில் இணைக்கப்படும். நகரும் காட்சியின்மீது எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்காகப் பின்னணியை இருண்டதாகவோ, அசைவு குறைந்ததாகவோ தெரிந்துகொள்வர். வேகமாக வாசிக்கத் தெரிந்தவரையன்றி மெதுவாக வாசிப்பவரை மனங்கொண்டே ஓர் அட்டையின் கால அளவு தீர்மானிக்கப்படும். தனியொரு பெயர் சில வினாடிகள் நிற்கும். பத்துப் பெயர்கள் சேர்ந்த அட்டையும் பலவேளைகளில் அவ்வளவு நேரமே நிற்கும். முன்னதை முழுமையாக வாசிக்கலாம். பின்னதில் இரண்டு பெயர்களை வாசிப்பதற்குள் அட்டை மாறிவிடும்.

அட்டைகளின் ஒழுங்கும் நோக்கற்பாலது. தமிழகத்துப் படங்களில் தணிக்கைச் சான்றிதழ், நிறுவனச் சின்னம், தெய்வத் திருவுருவம் அல்லது காணிக்கை, முதன்மை நடிகர், படத்தின் பெயர், ஏனைய நடிகர், தொழில்நுட்பக் கலைஞர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர், இறுதியில் இயக்குநர் என்றவாறான ஒழுங்கு நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. முதலும் கடையும் மதிப்புக்குரிய இடங்கள். நடுவில் வருவோரே தொகையில் மிகுந்தோர். அவர்களே கூட்டாக ஓர் அட்டையில் அடங்குவோர். பந்தியில் எவர் எங்கே அமர்வது என்பதைக் கொண்டு ஒரு கிராமத்தின் சமூக அமைப்பை அறிந்துகொள்ளும் சமூகவியலாளர், அதே முறையால் ஒரு திரைப்படத் தொழிலின் அமைப்பை இவ்வரிசையிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

2

முதலாவது தொழிலாகிய கடத்திச் செல்லலைப் பூநகரி வாசகருக்கு விளக்குவது எளிது. குடாநாட்டுக்கும் பூநகரிக்கும் இடையே கடலேரி கிடக்கின்றது. போருக்கு முற்பட்ட காலத்தில் கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்குப் பாதையிலேதான் வாகனங்களும் மக்களும் கடந்தனர். பாதையில் நிற்பவர் இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. விட்டுவந்த காரியத்தை மறந்து போகும் இடத்தின் காரியத்தை நினைக்கத் தொடங்கும் இடைப்பொழுது அது. எழுத்தோட்டமும் அத்தகையதோர் இடைப்பொழுதே. அவ்விடைப்பொழுதைக் கலைஞர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதே திறனாய்வுக்குரிய வினா.

1955ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஒட்டோ பிறெமிங்கர் இயக்கிய 'த மான் வித் த கோல்டன் ஆம்' என்னும் அமெரிக்கப் படத்துக்குச் சோல் பாஸ் என்ற வரைகலைஞர் எழுத்தோட்டம் அமைத்தார். கருநிறப் பின்னணியில் வெண்ணிறக் கோடுகள் அசைந்து, முறுக்கேறிய கையொன்றாக முடிகின்றன. போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவனின் கதை, ஒரு காட்சியேனும் வருமுன்னரே அக்கையால் உணர்த்தப்படுகின்றது. அதுவரையில் பல படமாளிகைகளில் திரைச்சீலை மூடியிருக்கும்போதே பெயர்கள் ஓடும். பெயர்கள் முடிந்த பின்னரே சீலை விலகும். இப்படத்தின் பெட்டிகளில், பெயர்கள் தொடங்குமுன்னர் சீலையை விலக்குமாறு இயந்திரம் ஓட்டுவோருக்குக் குறிப்பு எழுதி அனுப்பப்பட்டது. எழுத்தோட்டம் படத்தின் உறுப்பு என்ற கொள்கை அங்கு நடைமுறையானது.

அதே 1955இல் வங்காளத்தில் வெளியான சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' வேறொரு வழியைக் காட்டியது. விளம்பர நிறுவனத்தில் வரைகலைஞராகப் பணியாற்றிய ராய், சொரசொரப்பான தாளில் கையால் எழுதப்பட்ட எழுத்துகளாகப் பெயர்களைத் தந்தார். பின்னணியில் ரவிசங்கரின் இசை. வறிய கிராமத்துக் குடும்பமொன்றின் தலைவன், எழுத்தையே நம்பி வாழ முனைபவன். அவனது ஏட்டின் பக்கத்தைப் பார்ப்பது போன்ற உணர்வு அப்பெயர்களில் தோன்றுகின்றது. 1964இல் வந்த 'சாருலதா'வில் ராய் இதனை இன்னும் ஒரு படி கொண்டுசென்றார். பெயர்கள் ஓடும்போது கதைத்தலைவியின் கைகள் கைக்குட்டையொன்றில் எழுத்தைத் தைக்கின்றன. அது கணவன் பூபதியின் பெயரின் முதலெழுத்து. ஓய்வு மிகுந்த செல்வ வீட்டில் ஒரு பெண்ணின் அறிவு எதிற் செலவழிகின்றது என்னும் கதைக்கருவை, பிறர் பெயரைத் தைக்கும் கைகள் முன்னரே கூறிவிடுகின்றன.

தமிழில் இக்கடத்தற் பணியைச் சிறப்பாகச் செய்தது இசையே. 1970களின் பிற்பகுதியில் இளையராஜாவின் வருகையோடு எழுத்தோட்ட இசை தனித்த கவனத்தைப் பெற்றது. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) போன்ற படங்களில், அது பெயர்களுக்கு இட்ட ஓசை நிரப்பலாக நில்லாது, வரவிருக்கும் துயரின் சாயலை முன்னுணர்த்துகின்றது. பாரதிராஜா தம் படங்களின் தொடக்கத்தில் தாமே தமிழ் மக்களை விளித்துப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தினார். கதைசொல்லி அவையை விளித்துத் தொடங்கும் கூத்து மரபின் எச்சமாக அதனைக் கொள்வதில் தவறில்லை. கூத்தில் கட்டியகாரன் செய்யும் வேலையும் இதுவே. எழுத்தறியாதோரும் நிறைந்த அவையில் வாசிக்கப்படும் பெயரைவிடக் கேட்கப்படும் குரல் விரைவாகச் சென்றடையும்.

3

இரண்டாவது தொழில் உரிமை அறிவித்தல். ஜெமினி நிறுவனத்தின் ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகளும், ஏ.வி.எம். நிறுவனத்தின் சின்னமும் அதற்குரிய இசையும் தமிழ்ப் பார்வையாளர் மனத்தில் ஆழப் பதிந்தவை. உற்பத்திப் பொருளொன்றின்மீது முதலாளி இடும் முத்திரைகள் அவை. நட்சத்திர நடிகரின் ஆதிக்கம் வளருந்தோறும் இம்முத்திரையின் இயல்பு மாறியது.

1958இல் எம்.ஜி.ஆர். தாமே இயக்கிய 'நாடோடி மன்னன்' இம்மாற்றத்துக்கு எடுத்துக்காட்டு. அவரது நிறுவனச் சின்னத்தில் ஆணொருவரும் பெண்ணொருவரும் திராவிட முன்னேற்றக் கழகக் கொடியை உயர்த்திப் பிடித்து நிற்பர். சோவியத் நாட்டு மொஸ்பிலிம் நிறுவனத்தின் சின்னத்தோடு இதனை ஒப்புநோக்குதல் பயன்தரும். அங்கே ஆண் தொழிலாளி சுத்தியலையும் பெண் விவசாயி அரிவாளையும் உயர்த்துகின்றனர்; வேரா மூகினா 1937இல் பாரிஸ் கண்காட்சிக்காக ஆக்கிய சிலை அது. இரு சின்னங்களிலும் ஆணும் பெண்ணும் சமமாக நிற்கும் அமைப்பு ஒன்றே. ஒன்றில் உழைப்பின் கருவிகள் உயர்கின்றன. மற்றதில் கட்சியின் கொடி உயர்கின்றது. பின்னதில் கொடிக்கும் நடிகருக்கும் இடையேயான தொடர்பே பார்வையாளரிடம் விற்கப்பட்டது.

1992இல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'அண்ணாமலை'யில் இவ்வளர்ச்சி முழுமை பெற்றது. ரஜினிகாந்தின் பட்டமும் பெயரும் ஒளிப்புள்ளிகளாக, எழுத்தெழுத்தாகத் திரையில் கூடுகின்றன. தேவாவின் இசை ஒவ்வோர் எழுத்துக்கும் தாளம் கொடுக்கின்றது. இத்துண்டு பின்னர் அந்நடிகரின் பல படங்களிலும் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. ஒரு படத்துக்குரிய எழுத்தோட்டம் என்ற நிலை மாறி, எப்படத்துக்கும் பொருந்தும் வணிக முத்திரையாக அது ஆகிவிட்டது. மூன்றாவது தொழிலை இது எவ்வளவு நெருக்கியது என்பதைக் காலக்கணக்கே காட்டும். ஒரு பெயரின் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே வரவேற்கப்படும் திரையில், ஒளியமைப்பு உதவியாளர், ஒப்பனை உதவியாளர், தையற்காரர் ஆகியோரின் முழுப்பெயர்களும் கூட்டாக ஓர் எழுத்துக்குரிய நேரத்தையே பெறுகின்றன.

4

இனி ஈழத்து நிலைமைக்கு வருவோம். இலங்கையின் முதலாவது பேசும் படம் எனக் கொள்ளப்படும் 'கடவுணு பொறொந்துவ' (1947) சிங்களப் படம். அதன் தயாரிப்பாளரான எஸ்.எம். நாயகம் தமிழர், படம் ஆக்கப்பட்டது தென்னிந்தியாவில். பின்னர் பல சிங்களப் படங்களின் எழுத்தோட்டத்தில் இசையமைப்பாளர் ஆர். முத்துசாமி, எம்.கே. றொக்சாமி, தயாரிப்பாளர் கே. குணரத்தினம் ஆகிய தமிழர் பெயர்கள் தொடர்ந்து வந்தன.

எதிர்த்திசையிலும் இதுவே நிகழ்ந்தது. 1962இல் 16 மில்லிமீற்றரில் வெளிவந்த 'சமுதாயம்' படத்தை இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச. யாழ்ப்பாண விவசாயக் குடும்பத்தின் கதையாக வி.எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972) படத்தை டபிள்யூ.எஸ். மகேந்திரன் இயக்கினார். காவலூர் இராசதுரையின் எழுத்தில் அமைந்த 'பொன்மணி' (1977) படத்தை இயக்கியவர் சிங்களத் திரையுலகின் முற்போக்குக் கலைஞரான தர்மசேன பத்திராஜ. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) படத்தை பிறேம்நாத் மொறாயஸ் இயக்கினார். நெடுந்தீவைக் களமாகக் கொண்ட அக்கதை மன்னார்ப் பேசாலைக் கடற்கரையிற் படமாக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவரான வி.பி. கணேசன் மலையகத்திலிருந்து 'புதிய காற்று' (1975) படத்தைத் தயாரித்து நடித்தார்.

அரசியல் மேடையில் இரு தேசியவாதங்களும் தத்தம் பண்பாட்டின் தூய்மையைப் பற்றி முழங்கிய காலத்திலே, திரையின் எழுத்தோட்டத்தில் இரு இனத்து உழைப்பாளரின் பெயர்கள் அருகருகே நின்றன. கலப்பை மறைக்கும் வரலாற்றுக்கு எதிராகச் சான்று கூறும் ஆவணம் வேறெங்கும் தேடவேண்டியதன்று. படங்களின் முதல் மூன்று நிமிடங்களிலேயே அது இருக்கின்றது.

ஆயின் அவ்வாவணம் எளிதில் அழியக்கூடியது. 1983 ஆடிக் கலவரத்தில் குணரத்தினத்துக்குரிய ஹெந்தலை விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் நெருப்புக்கு இரையாயின. இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1981இல், ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகமும், 'ஈழநாடு' நாளிதழின் பணிமனையும் எரிக்கப்பட்டிருந்தன. படம் ஓரிடத்தில் எரிந்தது. படம் பற்றிய செய்தியும் விளம்பரமும் இருக்கத்தக்க சேகரங்கள் மற்றோரிடத்தில் எரிந்தன.

நெருப்பு வராத இடத்திலும் எழுத்தோட்டமே முதலில் அழியும். இதற்குக் காரணம் தொழில்நுட்பமானது. இயந்திரத்தில் மாட்டும்போதும் கழற்றும்போதும் கைபடுவதும், கீறல் விழுவதும், அறுந்து வெட்டி ஒட்டப்படுவதும் சுருளின் முனைகளே. எழுத்தோட்டமோ முதற் சுருளின் முனையில் இருப்பது. நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதியே பிற்பாடு நாட்டுப்புறத்தை அடையும் என்பது திரைப்பட விநியோகத்தின் பொதுவிதி. பூநகரியைப் போன்று மையத்திலிருந்து தொலைவில், வயலும் பனங்கூடலும் மீன்பிடித் துறைகளுமாகக் கிடக்கும் நிலப்பரப்புகளின் மக்கள் எப்படத்தையும் கடைசியாகப் பார்ப்பவர்கள். அவர்கள் கண்ட எழுத்தோட்டம் அதிகம் வெட்டுப்பட்டது. அதில் உழைத்தோரின் பெயர்கள் மிகக் குறைந்தவை. மையத்துக்கும் விளிம்புக்குமான உறவு இவ்வாறு ஒரு படச்சுருளின் அடிக்கணக்கிலும் பதிவாகின்றது.

படம் அழிந்த பின்னர் எஞ்சுவது எது? முதலாவது தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று கிடைப்பதில்லை. அதனைப் பற்றிய அறிவைப் பாட்டுப் புத்தகமும் பத்திரிகைக் குறிப்புகளுமே தருகின்றன. சிலசதத்துக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகத்தின் முதற் பக்கங்களில் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள் அச்சாகியிருக்கும். தாளில் அச்சான எழுத்தோட்டம் என அதனைக் கூறலாம். ஈழத்துப் படங்களைப் பொறுத்தவரையில் தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' இப்பணியின் பெரும்பகுதியைத் தனியொருவராக ஆற்றியது. திரையிலிருந்து மறைந்த பெயர்களை நூலில் மீட்டுத் தந்தமையே அதன் முதற்பயன்.

5

பெயர் என்பதே கேள்விக்குள்ளாகும் ஓர் எழுத்தோட்டத்தையும் இங்கு ஆராய்தல் தகும். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒடியார் இயக்கி, 2015இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதைப் பெற்ற 'தீபன்' போரின் முடிவில் இலங்கையின் வடபகுதியிலிருந்து தொடங்குகின்றது. தோற்ற போராளியொருவன் இறந்த ஒருவனின் கடவுச்சீட்டைப் பெற்று, முன்பின் அறியாத பெண்ணையும் சிறுமியையும் தன் குடும்பமெனக் காட்டிப் புறப்படுகின்றான். கடற்பயணத்தின் பின்னர் திரை இருள்கின்றது. இருளிற் சிறு வண்ண விளக்குகள் மின்னுகின்றன. படத்தின் பெயர் தோன்றுகின்றது. விளக்குகள் நெருங்கும்போதே அவை பாரிஸ் தெருவில் அகதி விற்றுத் திரியும் மலிவுப் பொருள்கள் என்பது புலனாகின்றது.

இவ்வெழுத்தோட்டம் மிகச் சுருங்கியது. ஆயினும் மேற்கூறிய மூன்று தொழில்களும் அதில் ஒன்றுகூடுகின்றன. இருளின் வழியாக ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பார்வையாளர் கடத்தப்படுகின்றனர். திரையில் அறிவிக்கப்படும் பெயரோ கதைத்தலைவனுக்கு உரியதன்று, இறந்தவனுடையது. அப்பெயரின் கீழ் நாம் காண்பது தெருவிற்பனையாளன் ஒருவனின் உழைப்பு. அத்தலைவனாக நடித்தவர் தாமும் அகதியாகப் பிரான்சுக்குச் சென்று 'ஷோபாசக்தி' என்ற புனைபெயரில் எழுதிவரும் அன்ரனிதாசன் யேசுதாசன் என்பது இதற்கு மேலும் ஓர் அழுத்தம் தருகின்றது.

பெயர்களுக்கு இன்று நேர்ந்துள்ள நிலையையும் கூறாது விடலாகாது. 1970களிலிருந்து அமெரிக்கப் படங்களில் உழைத்தோரின் நீண்ட பட்டியல் படத்தின் முடிவுக்கு நகர்ந்தது. பெயர்களின் தொகை கூடியமை நன்மையே. ஆனால் பட்டியல் ஓடும்போது அவை எழுந்து வெளியேறும். இணையவழிப் படச் சேவையில் 2017இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் தொடக்கத்தைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அறிமுகப்படுத்தியது. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது பூநகரி மக்கள் மகிழ்ந்தது நியாயமானது. நோயாளியும் மாணவரும் காத்திருக்கும் துன்பம் நீங்கிற்று. திரைப்படத்தில் தொடக்கத்தைத் தாண்டுவதால் நீங்கும் துன்பம் எதுவுமில்லை. உழைத்தவர் பெயரைக் காணும் சில வினாடிகளே நீங்குகின்றன.

ஆகவே செய்யவேண்டியன சில உள. ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் எஞ்சியுள்ள பிரதிகளின் எழுத்தோட்டம் அட்டை அட்டையாகப் படியெடுக்கப்படல் வேண்டும். ஒவ்வோர் அட்டையின் ஒழுங்கும் கால அளவும் குறிக்கப்படல் வேண்டும். எஞ்சாத படங்களுக்குப் பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம், நாளிதழ் விளம்பரம் ஆகியன தேடப்படல் வேண்டும். அட்டையில் என்றுமே இடம்பெறாதோரும் உளர்: வள்ளம் தந்த மீனவர், கூட்டக் காட்சியில் நின்ற கிராமத்தவர், சமைத்துப் போட்ட பெண்கள். படமெடுக்கப்பட்ட ஊர்களில் முதியோரைக் கண்டு கேட்டால் இவர்களின் பெயர்களை இன்னும் பெறமுடியும். சங்குப்பிட்டியிலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்குச் செல்லும் அதே வீதியிலிருந்து பேசாலைக் கரை தொலைவில் இல்லை. 1978இல் இளைஞராயிருந்தோர் இன்று எழுபதை நெருங்குகின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் மாணவர் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு ஒரு விடுமுறையில் தொடங்கக்கூடிய வேலை இது. பத்தாண்டு தாழ்த்தின் செய்யமுடியாத வேலையுமாகும்.